பசுமைக் கட்டிட வல்லுநர்கள் கொழும்பில். வெயிலோ நமது ஊர்களில்

கிழக்குக் கரையோர நகரொன்றில் ஹாட்வெயார் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் 2019இல் பிரதான வீதியில் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றை எழுப்பினார். அந்தப் பக்கத்துப் பிரதான வீதி வடக்குத் தெற்காகக் கடற்கரையை ஒட்டிச் செல்கிறது. கடல் பக்கமாக உள்ள கடைகள் எல்லாம் மேற்கு நோக்கியே முகம் காட்டுகின்றன. நண்பரின் கட்டிடமும் அப்படித்தான். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. பிற்பகல் இரண்டு மணியானால் உள்ளே எத்தனை ஏசி ஓடினாலும் வியர்வை நிற்காது.

வேலையைத் தொடங்குவதற்கு முன்னர் அவர் விசாரிக்காமல் இருக்கவில்லை. வங்கியில் 'பசுமைக் கடன்' என்று ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, அதற்குத் தகுதியான வரைபடத்தைத் தயாரித்துத் தரக்கூடிய அங்கீகாரம் பெற்ற வல்லுநர் ஒருவரைத் தேடினார். மாவட்டத்திலே ஒருவரும் அகப்படவில்லை. கொழும்பில் ஒருவர் கிடைத்தார். ஆனால் கட்டணத்துடன், ஒவ்வொரு தடவையும் வந்து போவதற்கான வாகனச் செலவு, தங்குமிடச் செலவு என்று கணக்குப் போட்டபோது தலை சுற்றியது. விட்டுவிட்டார். ஊரிலே வழமையாக எல்லோருக்கும் வரைந்து கொடுப்பவரே இவருக்கும் வரைந்து கொடுத்தார்.

இன்று அந்தக் கண்ணாடியின் மேல் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்கும் மேலே தகரத்தால் ஒரு தாழ்வாரம் இறக்கப்பட்டிருக்கிறது. "காக்கா, கண்ணாடி போடவும் காசு கொடுத்தேன், அதை மறைக்கவும் காசு கொடுத்தேன்" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்புக்குள் மாதாந்த மின்பட்டியலின் வேதனை இருந்தது.

இது ஒரு தனிமனிதரின் கவலையீனம் என்று ஒதுக்கிவிட முடியாது. அறிவும் தகைமையும் ஓரிடத்தில் குவிந்து, தேவையும் வெயிலும் வேறோரிடத்தில் இருப்பதன் விளைவே இது.

யார் இந்த வல்லுநர்கள்?

சக்தி, நீர், கட்டிடப் பொருட்கள் ஆகியவற்றைச் சிக்கனமாகப் பயன்படுத்தி, உள்ளே இருப்போரின் சுகாதாரத்துக்கும் ஏற்றவாறு அமைக்கப்படும் கட்டிடங்களே பசுமைக் கட்டிடங்கள் எனப்படுகின்றன. ஒரு கட்டிடம் உண்மையிலேயே அப்படிப்பட்டதா என்று புள்ளியிட்டுச் சான்றிதழ் வழங்கப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் உலகெங்கும் அறியப்பட்டது அமெரிக்காவின் 'லீட்' முறையாகும். 1993இல் உருவான அமெரிக்கப் பசுமைக் கட்டிட சபை 1998இல் இதனை அறிமுகப்படுத்தியது. கட்டிடங்களைத் தரப்படுத்தியதுடன், அவ்வேலையைத் தெரிந்த மனிதர்களையும் பரீட்சை வைத்து அங்கீகரிக்கும் ஏற்பாடு 2001இல் ஆரம்பமானது. 2009 முதல் அது இரண்டு படிகளாக நடைபெறுகிறது. முதற்படி 'கிறீன் அசோசியேட்'. அடுத்தது 'அக்ரெடிட்டட் புரொபஷனல்'. இரண்டு மணி நேரத்தில் நூறு வினாக்கள். 200க்கு 170 எடுத்தால் சித்தி. சித்தியடைந்த பின்னரும் இரண்டு வருடங்களுக்கு ஒரு தடவை, முதற்படியினர் 15 மணித்தியாலங்களும் இரண்டாம் படியினர் 30 மணித்தியாலங்களும் தொடர்கல்வி பெற்றாக வேண்டும். இல்லாவிடின் தகைமை காலாவதியாகிவிடும்.

எமது நாட்டிலும் இலங்கைப் பசுமைக் கட்டிட சபை தனக்கென ஒரு தரப்படுத்தல் முறையை வகுத்து, வல்லுநர்களைப் பயிற்றுவித்து வருகிறது. நகர அபிவிருத்தி அதிகார சபை பசுமைக் கட்டிட வழிகாட்டல்களை வெளியிட்டுள்ளது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான நிலைபெறுதகு வலு அதிகாரசபை, கட்டிடங்களில் சக்திச் சிக்கனத்துக்கான விதிக்கோவையொன்றை 2008இல் வெளியிட்டது. எனவே விதிகளுக்கோ வழிகாட்டல்களுக்கோ பஞ்சமில்லை. அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கிண்ணியாவிலோ, புத்தளத்திலோ, சம்மாந்துறையிலோ ஒரு காணிக்குள் இறங்கி நின்று 'இங்கே இப்படிக் கட்டுங்கள்' என்று சொல்லும் மனிதருக்குத்தான் பஞ்சம்.

தேவை உள்ள இடத்தில் திரளுவதில்லை

இத்தகைய வல்லுநர்கள் ஒரு பிராந்தியத்தில் ஏன் திரளுகிறார்கள், இன்னொன்றில் ஏன் இல்லை என்பதற்கு உலக அனுபவம் தெளிவான பதிலைத் தருகிறது. வெயிலின் கடுமையோ சனத்தொகையோ அதனைத் தீர்மானிப்பதில்லை. சட்டமும், பெரிய வாடிக்கையாளரின் கட்டளையுமே தீர்மானிக்கின்றன.

அமெரிக்காவில், சனத்தொகைக்கு எவ்வளவு லீட் சான்றிதழ் பெற்ற கட்டிடப் பரப்பு உண்டு என்று கணக்கெடுக்கும் போதெல்லாம் தலைநகர் வொஷிங்டன் முன்னணியில் நின்று வந்திருக்கிறது. காரணம் என்ன? அந்நகர் 2006இலேயே பசுமைக் கட்டிடச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மத்திய அரசாங்கமும் தனது புதிய கட்டிடங்களுக்கு லீட் சான்றிதழைக் கேட்டது. வேலை இருந்த இடத்தை நோக்கி வல்லுநர்களும் போனார்கள்.

வளைகுடாவிலும் இதே கதைதான். அபுதாபி 2010இல் 'எஸ்திதாமா' திட்டத்தின் கீழ், புதிய கட்டிடங்கள் அனைத்தும் குறைந்தபட்சம் ஒரு முத்துத் தரத்தையும், அரச கட்டிடங்கள் இரண்டு முத்துத் தரத்தையும் அடைய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கட்டார் தனக்கென ஜீ.எஸ்.ஏ.எஸ். என்ற முறையை வகுத்து, 2022 உலகக் கிண்ண உதைபந்தாட்ட அரங்குகளுக்கும் அதனையே பிரயோகித்தது. பங்களாதேஷில் 200க்கும் மேற்பட்ட ஆடைத் தொழிற்சாலைகள் லீட் சான்றிதழ் பெற்றுள்ளன. அங்கே உந்துதல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மேலைத்தேயக் கொள்வனவாளர்களே.

இந்தியாவின் அனுபவம் இன்னொரு பாடத்தையும் சொல்லித் தருகிறது. அமெரிக்காவுக்கு வெளியே லீட் பிளாட்டினம் தரத்தை முதலில் பெற்ற கட்டிடம் ஹைதராபாத்தில் உள்ளது. இந்தியப் பசுமைக் கட்டிட சபையின் தலைமையகமும் அங்கேதான். ஆயினும் அச்சபை அந்த ஒரு நகருக்குள் அடங்கிவிடாமல் பல நகரங்களில் கிளைகளை அமைத்தது. குவிவது இயல்பு, பரவுவதற்கு ஒருவர் முயல வேண்டும்.

இலங்கையை எடுத்துக்கொண்டால் நாம் இத்துறையில் பின்தங்கியவர்கள் அல்லர். ஜெப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டல், அமெரிக்காவுக்கு வெளியே லீட் சான்றிதழ் பெற்ற முதற் கட்டிடங்களுள் ஒன்றாகும். 2008இல் சீதுவையில் பிரண்டிக்ஸ் நிறுவனத்தின் பழைய தொழிற்சாலையொன்று திருத்தியமைக்கப்பட்டு லீட் பிளாட்டினம் தரத்தைப் பெற்றது. அதே ஆண்டில் துல்ஹிரியவில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் 'துருலிய' தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவை உலகம் திரும்பிப் பார்த்த சாதனைகள். ஆனால் இவற்றின் பின்னால் நின்ற நிறுவனங்களும், கட்டிடக் கலைஞர்களும், பொறியியலாளர்களும் கொழும்பை மையமாகக் கொண்டவர்கள். கட்டிடக்கலைப் பட்டப்படிப்பு என்றாலே நெடுங்காலமாக மொறட்டுவைதான். பெரிய வாடிக்கையாளர் கொழும்பில், கல்வி கொழும்பின் அயலில், பயிற்சி வகுப்பும் கொழும்பில் என்றால் தகைமை பெற்றவர் கல்முனையில் அலுவலகம் திறப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

கொழும்பில் இருந்துகொண்டே செய்ய முடியாதா?

வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பலாம், கூட்டத்தை இணையத்தில் நடத்தலாம், ஆள் எங்கிருந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பசுமைக் கட்டிடம் என்பது அடிப்படையில் இடத்தின் காற்றையும் மழையையும் மண்ணையும் பற்றிய அறிவாகும்.

கொழும்பில் கடல் மேற்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்துடன் வருகிறது. அங்கே மேற்கு ஜன்னலைத் திறந்தால் குளிர்ச்சி வரும். கல்முனையிலோ கடல் கிழக்கே. அதே மாதங்களில் அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறிய கச்சான் காற்றாக மேற்கிலிருந்து வந்து சேர்கிறது. கொழும்பு வரைபடத்தை அப்படியே தூக்கிவந்து இங்கே வைத்தால், குளிர்ச்சிக்காகத் திறந்த ஜன்னல் வழியே அனலும் புழுதியும் வீட்டுக்குள் வரும்.

மழைநீர்ச் சேகரிப்பும் அப்படித்தான். கொழும்புக்கு வருடத்தில் இரண்டு மழைக்காலங்கள். தாங்கி நிரம்பி, வற்றி, மறுபடி நிரம்பும். கிழக்கிலோ மழையின் பெரும்பகுதி மாரியில், சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அதன் பின்னர் நீண்ட கோடை. கொழும்புக்குப் போதுமான தாங்கி இங்கே சித்திரை மாதத்துக்கு முன்னரே வெறுமையாகிவிடும். நெருக்கமான கரையோரக் குடியிருப்புகளில் ஒரே வளவுக்குள் மலசலகூடக் குழியும் கிணறும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதையும் நாம் அறிவோம். மணல் மண்ணில் ஒன்றின் நீர் மற்றொன்றுக்குப் போய்ச் சேர அதிக காலம் எடுக்காது. இங்கே பசுமைக் கட்டிடம் என்றால் முதலில் அந்தக் குழியின் இடத்தைத் தீர்மானிப்பதாகும். இதனைக் கணினித் திரையில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

லீட் முறை வகுத்தவர்களே இதனை உணர்ந்திருந்தார்கள். அதனாற்றான் 2009இல் பிராந்திய முன்னுரிமைக்கெனத் தனியாகப் புள்ளிகளை அறிமுகப்படுத்தினார்கள்.

கிரிந்தை சொல்லும் பாடம்

2004 சுனாமிக்குப் பின்னர் ஹம்பாந்தோட்டை மாவட்டத்தின் கிரிந்தையில் வீடுகளை இழந்த முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க ஜப்பானியக் கட்டிடக் கலைஞர் ஷிகேரு பான் முன்வந்தார். பின்னர் 2014இல் கட்டிடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்றவர் அவர். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அமுக்கிய மண் கற்களால் சுவர்களையும், இறப்பர் மரத்தால் உட்புறத் தளபாடத் தடுப்புகளையும் அமைத்தார். ஊர் மக்களுடன் பேசி, விருந்தினர் வரும்போது பெண்கள் தனியாக இருக்கக்கூடியவாறு இடத்தைப் பிரித்தார். வீட்டுக்கும் சமையலறைக்கும் இடையே காற்றோட்டமான, கூரையிட்ட திறந்த மண்டபம் ஒன்றை வைத்தார். 2013இல் ஆகா கான் கட்டிடக்கலை விருதின் இறுதித் தெரிவுப் பட்டியலில் இத்திட்டம் இடம்பெற்றது.

இது பெருமைக்குரிய விடயம். ஆனால் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். மண் நமது மண், மரம் நமது மரம், பழக்க வழக்கம் நமது பழக்க வழக்கம். இவற்றை ஒன்றுசேர்த்து வீடாக்குவதற்கு டோக்கியோவிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. உலகப் புகழ் பெற்றவர்கள் அனர்த்தம் நடந்தால் வருவார்கள். சாதாரண நாட்களில் நமது ஊரில் கட்டப்படும் வீட்டுக்கும் கடைக்கும் யார் வருவார்?

பணத்தின் பக்கம்

வர்த்தகர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்வதானால், இது இலாப நட்டக் கணக்கு. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டது. பின்னர் குறைப்புகள் வந்தாலும், ஒரே இரவில் என்ன நடக்கலாம் என்பதை நாடு பார்த்துவிட்டது. ஒரு கட்டிடம் ஐம்பது வருடங்கள் நிற்கும். அதன் திசையில் விட்ட பிழைக்கு ஐம்பது வருடங்களும் மின்பட்டியல் கட்ட வேண்டும்.

இரண்டாவது, கடன். மத்திய வங்கி 2019இல் நிலைபேறான நிதிக்கான வழிவரைபடத்தையும், 2022 மே மாதத்தில் பசுமை நிதி வகைப்பாட்டையும் வெளியிட்டது. எந்த முதலீடு பசுமையானது என்பதை இனி வங்கி அதிகாரி தன் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை. அதற்கு அளவுகோல் உண்டு. அந்த அளவுகோலுக்கு ஏற்ப ஆவணம் தயாரிக்க ஆள் இல்லாத பிரதேசத்து வர்த்தகர், சலுகைக் கடன் வரிசையில் நிற்பதற்கு முன்பே வெளியே தள்ளப்படுகிறார். வல்லுநர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் பசுமைப் பணமும் போய்ச் சேரும்.

சான்றிதழ் வெறும் கடதாசிதானே?

மறுப்புச் சொல்வோரின் பக்கத்திலும் உண்மை உண்டு. சான்றிதழ்ப் பலகை மாட்டிய கட்டிடங்கள் எல்லாம் சொன்னபடி மின்சாரத்தை மிச்சப்படுத்துவதில்லை. நமது மூத்த மேசன்மார் எந்தப் பரீட்சையும் எழுதாமலேயே திண்ணை, நடுமுற்றம், உயர்ந்த ஓட்டுக்கூரை என்று குளிர்ச்சியான வீடுகளைக் கட்டினார்கள். அந்த அறிவைப் புறக்கணித்துவிட்டு, கொங்கிரீட் சிலப்பையும் தகரக் கூரையையும் நாகரிகம் என்று தழுவிக்கொண்டவர்கள் நாம்தான்.

ஆனால் அந்த மேசனின் அறிவு வங்கியில் செல்லுபடியாவதில்லை, கொள்வனவாளரிடமும் செல்லுபடியாவதில்லை. அந்த அறிவையும் கடதாசியையும் இணைக்கக்கூடிய ஒருவர் ஊரில் இருக்க வேண்டும். எல்லோரும் லீட் வல்லுநராக வேண்டியதுமில்லை. உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் உருவாக்கிய 'எட்ஜ்' முறை, சக்தி, நீர், கட்டிடப் பொருட்கள் ஆகிய மூன்றிலும் 20 வீதச் சேமிப்பையே அடிப்படைத் தகுதியாகக் கேட்கிறது. நடுத்தரக் கட்டிடங்களுக்கு அதுவும், நமது நாட்டின் சொந்த முறையும் பொருத்தமானவை.

நம்மவர்கள் எங்கே?

உண்மையில் நம்மிடம் ஆட்கள் இல்லாமல் இல்லை. சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, அக்குறணை, மாவனல்லை என்று எந்த ஊரை எடுத்தாலும் அளவைக் கணிப்பாளர்களாகவும், சிவில் பொறியியலாளர்களாகவும், தொழில்நுட்ப உத்தியோகத்தர்களாகவும் டோஹாவிலும் துபாயிலும் ரியாத்திலும் பணிபுரியும் இளைஞர்கள் இருக்கிறார்கள். பசுமைச் சட்டம் கட்டாயமான நாடுகளில் வேலை செய்ததால் அதன் நடைமுறை அவர்களுக்குக் கைவந்த கலை. விடுமுறையில் ஊர் வந்தால், தாம் டோஹாவில் ஒருபோதும் அனுமதிக்காத கண்ணாடிச் சுவரைத் தம் சொந்த வீட்டுக்கே போடுகிறார்கள்! ஊரிலே கேட்பார் இல்லை, கொடுப்பாரும் இல்லை என்பதே காரணம்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இயங்குகிறது. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. விதை உண்டு, வயல் உண்டு. தண்ணீர் பாய்ச்சுவதற்குத்தான் ஆள் இல்லை.

செய்யக்கூடியவை

முதலாவது, கேள்வியை உருவாக்க வேண்டும். நமது ஊர்களில் மிகப் பெரிய கட்டிடங்கள் பள்ளிவாசல்களும் பாடசாலைகளுமே. இனிமேல் கட்டப்படும் ஒவ்வொரு பெரிய பொதுக் கட்டிடத்துக்கும், நிர்வாக சபை வரைபடத்தை அங்கீகரிக்க முன்னர் தகைமை பெற்ற ஒருவரின் கையொப்பத்தைக் கேட்கட்டும். வுழூச் செய்த நீர் தென்னைக்கும் பூஞ்செடிக்கும் போகிறதா, வடிகானுக்குப் போகிறதா என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை ஆரம்பித்துவிடும். வேலை இருக்கிறது என்று தெரிந்தால் வல்லுநர் தானாக வருவார். வொஷிங்டனும் அபுதாபியும் காட்டிய வழி அதுவே.

இரண்டாவது, பரீட்சைக்கு ஆள் சேர்க்க வேண்டும். லீட் பரீட்சை தமிழில் நடைபெறுவதில்லை, கட்டணமும் டொலரில். கிராமத்துப் பொறியியல் பட்டதாரிக்கு இவை இரண்டும் பெரும் தடைகள். சீமெந்தும் கம்பியும் பெயின்ற்றும் விற்றுச் செழித்த நமது ஹாட்வெயார் வர்த்தகர்கள் வருடத்துக்கு ஐந்து பேருக்குக் கட்டணம் செலுத்தினால் போதும். இதனைத் தர்மமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. வெப்பம் தாங்கும் கூரைப் பொருள், நீர்ச் சிக்கனக் குழாய், சூரியப் படல் என்று நாளை விற்கப் போகும் சரக்குக்கு அவர்களே வாடிக்கையாளரை அழைத்து வருவார்கள்.

மூன்றாவது, வளைகுடாவிலுள்ள நம்மவர்கள் விடுமுறைக் காலத்தில் இரண்டு நாட்களை ஊருக்கு ஒதுக்கலாம். ஒருநாள் மாணவர்களுக்கு, ஒருநாள் மேசன்மாருக்கும் வரைபடக்காரர்களுக்கும். மேசனுக்குத் தமிழில், காணியில் நின்றபடியே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நான்காவது, உள்ளூராட்சி மன்றங்கள். கட்டிட அனுமதி வழங்கும் மேசையில் இருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரையாவது இப்பயிற்சிக்கு அனுப்புமாறு நமது பிரதிநிதிகளிடம் கேட்போம். ஓர் ஊரின் எல்லா வரைபடங்களும் கடந்து செல்லும் ஒரே வாசல் அந்த மேசைதான்.

நமது நண்பரின் கட்டிடத்துக்குப் பக்கத்துக் காணியில் இப்போது அத்திவாரம் வெட்டியிருக்கிறார்கள். அதுவும் மேற்குப் பார்த்த காணி. போன மாதம் அதன் சொந்தக்காரர் வரைபடத்தை விரித்துக் காட்டினார். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி.